இரைச்சலுக்குள் ஒரே ஒரு சுத்தமான க்யூபிட்

2001 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த சேதி இது. கலிஃபோர்னியாவில் ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வகத்தில், ஒரு சோதனைக் குழாயில் இருந்த திரவம் 15 என்ற எண்ணை 3, 5 என்று காரணிப்படுத்திவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை மனக்கணக்காகச் சொல்லிவிடும் விடைதான். ஆனால் பீட்டர் ஷோர் 1994இல் தாளில் எழுதிய குவாண்டம் வழிமுறையை அணுக்களாலான ஒரு நிஜப் பொருள் நடத்திக்காட்டியது அப்போதுதான். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐந்து ஃப்ளூரின் அணுக்கருக்கள், இரண்டு கார்பன்-13 அணுக்கருக்கள். மொத்தம் ஏழு க்யூபிட், அதாவது 0-வும் 1-உம் மேற்பொருந்திய நிலையிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட். குழாய்க்குள் அப்படிப்பட்ட மூலக்கூறுகள் கோடானுகோடி. வலுவான காந்தப்புலத்தில் நிறுத்தி, ரேடியோ அலைத் துடிப்புகளால் அணுக்கருக்களின் சுழற்சியைத் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களே, அதே இயற்பியல். என்.எம்.ஆர்., அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, என்று அதற்குப் பெயர்.

இந்தக் கொண்டாட்டத்துக்கு இரண்டு வருடம் முன்பே, அதாவது 1999இல், சங்கடமான ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர்கள் பிரான்ஸ்டைன், கேவ்ஸ், ஜோசா, லிண்டன், போபெஸ்கு, ஷாக் என்று ஆறு பேர். அறை வெப்பநிலையில் இருக்கும் திரவத்தில் அணுக்கருக்கள் காந்தப்புலத்தின் பக்கம் சாய்வது லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதி எல்லாம் தாறுமாறு. இவ்வளவு இரைச்சல் கலந்த நிலையில், க்யூபிட்கள் சிலவே இருக்கும்வரை, குவாண்டம் பின்னல் என்று ஒன்று இருக்கவே முடியாது என்பதைக் கணிதமாக நிறுவியிருந்தார்கள். அதுவரை நடந்திருந்த என்.எம்.ஆர். குவாண்டம் சோதனைகள் எல்லாம் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கின. பின்னால் வந்த ஏழு க்யூபிட் சோதனைக்கும் எண்களைப் போட்டுப் பார்த்தால் அதே கதிதான், எல்லைக்கு வெகு உள்ளே விழுகிறது.

பின்னல் இல்லாமல் எப்படி அது குவாண்டம் கணிப்பு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில காலமாக நான் படித்துவந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். நடுவில் ஒரே ஒரு கணக்கு வரும்; அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், சாரம் அதில்தான் இருக்கிறது.

பின்னல் என்றால் என்ன என்பதை, அது இல்லாத நிலையிலிருந்து சொல்வது எளிது. செல்வி ஓர் ஊரில், மாறன் வேறோர் ஊரில். இருவரிடமும் ஆளுக்கொரு க்யூபிட். தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம், நாணயம் சுண்டலாம், அவரவர் க்யூபிட்டை அவரவர் விருப்பப்படி தயாரிக்கலாம். இப்படி மட்டுமே உருவாக்கக்கூடிய கூட்டுநிலை எதுவானாலும் அதில் பின்னல் கிடையாது. இந்த வழியில் ஒருபோதும் எட்ட முடியாத நிலைகளும் இருக்கின்றன. இரண்டு க்யூபிட்களையும் ஒன்றாக வைத்து ஊடாடவிட்டால்தான் அவை பிறக்கும். அவைதான் பின்னிய நிலைகள். ஷ்ரோடிங்கர் 1935இலேயே குவாண்டம் இயற்பியலின் அடையாளக்குணமே இதுதான் என்று சொல்லிவிட்டார். 1964இல் ஜான் பெல், பின்னிய துகள்கள் காட்டும் ஒட்டுறவை துகள்கள் தம்மோடு சுமந்துவரும் எந்த மறைவான விவரத்தை (உள்ளூர் மறைபொருள்) வைத்தும் விளக்க முடியாது என்று காட்டினார். அதற்குப் பிறகு குவாண்டம் கணினி வந்தபோது, அதன் வேகத்துக்கும் இதுவே காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

அந்த எண்ணத்துக்குப் பலமான ஆதாரமும் உண்டு, ஒரு நிபந்தனையோடு. இரைச்சலே இல்லாத தூய நிலைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பின்னல் இல்லாத n க்யூபிட்களை விவரிக்க, க்யூபிட்டுக்கு இரண்டு எண்கள் வீதம் 2n எண்கள் போதும். சாதாரண மடிக்கணினியே அதைத் தொடர்ந்து கணக்கிட்டுக்கொண்டு போகும். பின்னல் வந்ததும் 2-இன் n அடுக்கு எண்கள் தேவைப்படும். 2003இல் ரிச்சர்ட் ஜோசாவும் நோவா லிண்டனும் இதைத் தேற்றமாகவே எழுதினார்கள்: தூய நிலைகளில் ஓடும் குவாண்டம் கணிப்பு, சாதாரணக் கணினியை அடுக்குக்குறி வேகத்தில் முந்த வேண்டுமென்றால், க்யூபிட்கள் கூடக்கூட மேலும் மேலும் க்யூபிட்களைத் தழுவும் பின்னல் இருந்தே ஆகவேண்டும்.

இருந்தே ஆகவேண்டும், சரி. இருந்தால் போதுமா என்றால், போதாது. காட்ஸ்மன்-நில் தேற்றம் என்று ஒன்று உண்டு. சில குறிப்பிட்ட கேட்களை, அதாவது க்யூபிட்களை மாற்றும் அடிப்படைச் செயல்களை, மட்டும் வைத்து எத்தனை க்யூபிட்களையும் தாறுமாறாகப் பின்னலாம். ஆனாலும் மடிக்கணினி அதை அலட்சியமாகப் பின்தொடரும். 2009இல் இன்னொரு வேடிக்கை வெளிப்பட்டது. டேவிட் கிராஸ், ஸ்டீவன் ஃப்ளாமியா, யென்ஸ் ஐசர்ட் மூவரும், அளந்து அளந்தே கணிக்கும் முறையில் பெரும்பாலான நிலைகள் பயன்படாமல் போவது அவற்றில் பின்னல் அளவுக்கு மீறி இருப்பதால்தான் என்று காட்டினார்கள். பிறகு மார்ட்டன் ஃபான் டென் நெஸ்ட், பின்னலைத் துளியளவுக்குக் குறைத்தும் முழுக் குவாண்டம் கணிப்பை நடத்தலாம் என்றார். ஆக, தூய நிலைகளிலேயே கதை அவ்வளவு நேர்கோடாக இல்லை. கலப்பு நிலைகளில், அதாவது இரைச்சலோடு கூடிய நிஜ உலகத்தில், கதை முழுவதுமாகக் கிளை பிரிகிறது.

அந்தக் கிளையின் வேர் 1998. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்த இமானுவல் நில், ரேமண்ட் லாஃப்ளேம் இருவரும் வேண்டுமென்றே ஏழ்மையான ஒரு கணினியைக் கற்பனை செய்தார்கள். அதில் ஒரே ஒரு க்யூபிட் மட்டும் சுத்தம். மீதி n க்யூபிட்களும் முழு இரைச்சல். ஒவ்வொன்றும் 0-வா 1-ஆ என்பது வெறும் நாணயச் சுண்டல். என்.எம்.ஆர். சோதனைக் குழாயின் நிஜ நிலைமையை மனதில் வைத்தே இதை யோசித்தார்கள். இந்த மாதிரிக்கு டிக்யூசி1 என்று பெயர்.

இந்தக் குப்பைக் கூட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஒரு வேலையை நன்றாகவே செய்ய முடியும். U என்றொரு குவாண்டம் சுற்று, அதாவது கேட்களின் ஒரு வரிசை, இருக்கிறது என்று வையுங்கள். கணிதமாகப் பார்த்தால் அது 2-இன் n அடுக்கு நிரைகளும் அத்தனையே நிரல்களும் கொண்ட ஓர் அணி. n = 50 என்றால் சுமார் 1,126 லட்சம் கோடி நிரைகள். அந்த அணியின் மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களின் சராசரி வேண்டும். கணிதத்தில் இதை டிரேஸ் என்பார்கள். இங்கே வேண்டியது, உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்த டிரேஸ். செய்முறை மூன்றே படிதான். சுத்தமான க்யூபிட்டை 0-வும் 1-உம் சமமாக மேற்பொருந்திய நிலையில் வை. அது 1 ஆக இருக்கும் கிளையில் மட்டும், இரைச்சல் க்யூபிட்கள் மீது U-வை ஓட்டு. பிறகு சுத்தமான க்யூபிட்டை மட்டும் அள. இதைப் பலமுறை செய்து சராசரி எடுத்தால் டிரேஸின் மெய்ப்பகுதி வந்துவிடும். அளக்கும் திசையை மாற்றினால் கற்பனைப் பகுதியும் வரும்.

அழகு எங்கே என்றால், எத்தனை முறை திரும்பச் செய்ய வேண்டும் என்பது n-ஐச் சார்ந்ததே இல்லை. விடையில் நூறில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமா, பத்தாயிரம் முறை அளவில் செய்தால் போதும். n ஐம்பதானாலும் ஐந்நூறானாலும் அதே பத்தாயிரம்தான். அந்த ஒற்றைக் க்யூபிட்டும் முழுச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. அதன் சுத்தத்தை α என்று வைத்தால், திரும்பச் செய்யும் எண்ணிக்கை α-வின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் கூடும். பத்தில் ஒரு பங்கு சுத்தம்தான் என்றால் நூறு மடங்கு வேலை. சலிப்புதான், ஆனால் ஆகிற காரியம்.

உடனே துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு U-வைத் தேர்ந்தால் அதன் டிரேஸ் பூஜ்யத்துக்கு மிக அருகில்தான் இருக்கும். நூறில் ஒரு பங்கு துல்லியத்தில் அளந்து 'கிட்டத்தட்ட பூஜ்யம்' என்று தெரிந்துகொள்ள யாருக்கும் கணினி தேவையில்லை. பயன், தேர்ந்தெடுத்த சுற்றுகளில்தான் இருக்கிறது. முடிச்சுகளை வகைப்படுத்தக் கணிதத்தில் ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவை என்று ஒன்று உண்டு. அதன் ஒரு வகை மதிப்பீடு டிக்யூசி1-இன் முழுத் திறனுக்கும் சமமான கணக்கு என்று 2008இல் ஷோரும் ஸ்டீவன் ஜோர்டனும் நிறுவினார்கள். அடுத்த வருடமே கனடாவின் வாட்டர்லூவில் லாஃப்ளேமின் குழு அதை என்.எம்.ஆர். கருவியில் செய்தும் பார்த்தது.

இனி பின்னல் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் அனிமேஷ் தத்தா, ஃப்ளாமியா, கார்ல்டன் கேவ்ஸ் மூவரும் 2005இல் இந்தக் கணினிக்குள் எவ்வளவு பின்னல் இருக்கிறது என்று தணிக்கை செய்தார்கள். சுத்தமான க்யூபிட்டுக்கும் மீதிக் கூட்டத்துக்கும் நடுவே பின்னல் ஒருபோதும் இல்லை. க்யூபிட்களை வேறு விதமாக இரண்டு கட்சியாகப் பிரித்தால் கொஞ்சம் தென்படுகிறது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய அளவுகோலில் அது ஒரு மாறிலியைத் தாண்டுவதில்லை. n வளர வளர, இருக்கக்கூடிய உச்சப் பின்னலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லாமல் கரைந்துபோகிறது.

சுத்தமான க்யூபிட் பின்னாமல் இருப்பது ஏன் என்பதைப் பார்த்தால்தான் அடுத்தது புரியும். U-வுக்கு ஐகன் நிலைகள் உண்டு. அந்த நிலைகள் மீது U செயல்பட்டால் அவை மாறாது, ஒரு கோணம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். முழு இரைச்சல் என்பது எல்லா ஐகன் நிலைகளின் சமக் கலவை என்றும் பார்க்கலாம். ஆகவே நடப்பது இதுதான்: இரைச்சல் கூட்டம் ஏதோ ஓர் ஐகன் நிலையில் இருக்கிறது, எது என்று நமக்குத் தெரியாது, அந்த நிலைக்குரிய கோணத்துக்குச் சுத்தமான க்யூபிட் கடிகார முள் போலத் திரும்பி நிற்கிறது. மாறன் ஒரு சீட்டைக் குலுக்கி எடுத்து, தன் பக்கம் ஓர் ஐகன் நிலையை வைத்துக்கொண்டு, செல்வியிடம் 'உன் க்யூபிட்டை இந்தக் கோணத்துக்குத் திருப்பு' என்று தொலைபேசியில் சொன்னால் இதே நிலையை உண்டாக்கிவிடலாம். அதனால்தான் பின்னல் இல்லை. டிரேஸ் என்பது அந்த எல்லாக் கோணங்களின் சராசரி. க்யூபிட்டை அளந்தால் சராசரி தானாக வந்துவிழுகிறது.

அப்படியானால் இதில் குவாண்டம் எங்கே ஒளிந்திருக்கிறது? மாறனின் பக்கம் ஐகன் நிலைகள் ஒன்றுக்கொன்று செங்குத்து, தெளிவாகப் பிரித்தறியலாம். செல்வியின் பக்கம் அப்படி இல்லை. 30 பாகையில் திரும்பிய க்யூபிட்டையும் 50 பாகையில் திரும்பியதையும் ஒரே அளவீட்டில் பிழையில்லாமல் பிரித்துச் சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது. அளந்தால் நிலை கலையும். ஒட்டுறவு இருக்கிறது, ஆனால் செல்வியால் அதை முழுசாகப் படிக்க முடியாது. இந்தப் படிக்க முடியாத பங்குக்குத்தான் டிஸ்கார்ட் என்று பெயர். 2001இல் ஆரோல் ஒலிவியே, வோய்ட்செக் சூரெக் இருவரும் அந்தப் பெயரோடு வரையறுத்தார்கள். அதே ஆண்டில் லியா ஹெண்டர்சன், விளாட்கோ வெட்ரல் இருவரும் தனியாக வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான் சொன்ன கணக்கு இங்கேதான். மிகச் சிறிய உதாரணம். மாறன் நாணயம் சுண்டுகிறான். தலை விழுந்தால் தன் க்யூபிட்டை 0 என்று வைத்து, செல்வியையும் 0 என்று வைக்கச் சொல்கிறான். பூ விழுந்தால் தன்னுடையது 1; செல்வியுடையது 0-வும் 1-உம் சமமாக மேற்பொருந்திய நிலை. நாணயத்தை எறிந்துவிட்டு இருவரும் மறந்துவிடுகிறார்கள். இப்போது இரண்டு க்யூபிட்களுக்கும் நடுவில் உள்ள மொத்த ஒட்டுறவு, என்ட்ரோபிகளை (நிச்சயமின்மையின் அளவுகளை) கூட்டிக் கழித்தால், 0.601 பிட். செல்வி தன் க்யூபிட்டை எவ்வளவு சாமர்த்தியமாக அளந்தாலும் மாறனுடையதைப் பற்றி அறிந்துகொள்ளக்கூடியது அதிகபட்சம் 0.399 பிட். பாக்கி 0.202 பிட். அதுதான் செல்வியின் பக்கத்து டிஸ்கார்ட். மாறன் அளந்தால் என்ன ஆகும்? அவன் நிலைகள் செங்குத்தானவை. எதுவும் கலையாது, எல்லாவற்றையும் படித்துவிடுவான். அவன் பக்கத்து டிஸ்கார்ட் பூஜ்யம். ஒரே நிலை, பார்க்கும் பக்கத்தைப் பொறுத்து விடை மாறுகிறது. இது எனக்கு முதலில் ஏதோ குறைபாடு போலத் தோன்றியது. இப்போது அப்படி இல்லை. யார் அளக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் 'படிக்க முடியுமா' என்று கேட்பதே அரைகுறைக் கேள்விதானே.

புதுமை என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. 1984இல் பென்னட்டும் பிரசார்டும் ரகசியச் சாவி பரிமாறும் முறையைக் கண்டுபிடித்தபோது நம்பியது இதே குணத்தைத்தான். செங்குத்தல்லாத ஒற்றை ஃபோட்டான்களை அனுப்பினார்கள், பின்னல் எதுவும் இல்லை, ஒட்டுக் கேட்பவர் அளந்தால் நிலை கலைந்து குட்டு வெளிப்பட்டுவிடும். பின்னல் இல்லாத குவாண்டம் தன்மை பல வருடம் நம் கண்ணெதிரேயே இருந்தது. கணிப்பு என்று வந்ததும் அதை மறந்துபோனோம் என்பதுதான் விசித்திரம்.

டிக்யூசி1-க்கு அந்த உதாரணத்தைப் பெரிதாக்கினால் போதும். இரண்டு நிலைகளுக்குப் பதில் 2-இன் n அடுக்கு நிலைகள், வட்டம் முழுக்கப் பரவிய கோணங்கள். தத்தாவும் கேவ்ஸும், இப்போது திருவனந்தபுரம் ஐஐஎஸ்இஆரில் இருக்கும் அனில் ஷாஜியும் சேர்ந்து 2008இல் இந்தக் கணக்கை முடித்தார்கள். சமவாய்ப்பாக எடுத்த U-வுக்கு, க்யூபிட் முழுச் சுத்தமாக இருந்தால், மொத்த ஒட்டுறவு கிட்டத்தட்ட 1 பிட். அதில் படிக்கக்கூடியது 0.443. டிஸ்கார்ட் 0.557. n எவ்வளவு வளர்ந்தாலும் இந்த எண் அசைவதில்லை. α-வைக் குறைத்தால் டிஸ்கார்டும் குறையும், ஆனால் α பூஜ்யமாகும்வரை மறையாது. அதே 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பென் லான்யன், ஆண்ட்ரூ ஒயிட் குழுவினர் ஃபோட்டான்களைக் கொண்டு சிறிய டிக்யூசி1 ஒன்றைக் கட்டி, பின்னல் இல்லாத இடத்திலும் டிஸ்கார்ட் இருப்பதை அளந்து காட்டினார்கள்.

பிறகு வந்தது ஒரு வெள்ளம். குவாண்டம் கணினியின் நிஜ எரிபொருள் கிடைத்துவிட்டது என்ற தொனியில் கட்டுரைகள் குவிந்தன. எதையெடுத்தாலும் அதன் டிஸ்கார்டைக் கணக்கிடுவது ஒரு தொழிலாகவே ஆனது. அந்தக் காலத்துக் கட்டுரைகளைப் பின்னால் போய் வாசித்தால் பாதி சலிப்பூட்டும். ஆனால் நல்ல வேலைகளும் அதில் உண்டு. இரண்டு க்யூபிட் நிலைகளில் ஒரு முக்கியமான வகைக்கு டிஸ்கார்டைத் துல்லியமாகக் கணக்கிடும் வழியை, ஒளியின் முனைவாக்கத்துக்கான பழைய வடிவியலிலிருந்து எடுத்துக்கொடுத்தவர்கள் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமனும் கிருஷ்ணகுமார் சபாபதியும். தரமணியில் எழுதியதால் சொல்லவில்லை. சூத்திரங்களின் காட்டில் ஒரு படம் வரைந்து காட்டியதற்காகச் சொல்கிறேன். இப்போது ஐஐடி மெட்ராஸில் இருக்கும் வைபவ் மதோக்கும் தத்தாவும் 2011இல், டிஸ்கார்டுக்கு ஒரு செலவுக் கணக்கு கொடுத்தார்கள்: குவாண்டம் தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒன்றுசேர்க்கும் வேலையில், இடையில் யாராவது அளந்து கெடுத்துவிட்டால் கூடுதலாக ஆகும் செலவுதான் டிஸ்கார்ட். எனக்கு மிகப் பிடித்த விளக்கம் இதுதான். 'மர்ம சக்தி' என்ற தொனி போய், கைக்கு அடக்கமான ஒரு கணக்காக ஆகிவிடுகிறது.

சந்தேகங்களும் சீக்கிரமே வந்தன. 2010இல் போரிவோயே தாகிச், வெட்ரல், சாஸ்லாவ் ப்ருக்னர் மூவரும் டிக்யூசி1-இன் இறுதி நிலையில் டிஸ்கார்ட் எப்போது பூஜ்யமாகும் என்று கேட்டார்கள். மேலே சொன்ன கடிகார முள்ளை நினைத்துக்கொண்டால் விடை தானே தெரியும். முள் இரண்டே இரண்டு நேரெதிர்த் திசைகளில் மட்டும் நிற்க வேண்டும். அப்போது செல்வியின் நிலைகள் ஒன்றேயாக அல்லது செங்குத்தாக இருக்கும், எல்லாவற்றையும் படித்துவிடலாம். அதாவது U-வை இரண்டு முறை ஓட்டினால், ஒரு பொதுக் கோணம் தவிர, பழைய நிலைக்கே திரும்பிவிட வேண்டும். அப்படிப்பட்ட U-க்கள் ஏராளம். அவற்றின் டிரேஸைக் கணக்கிடச் சாதாரணக் கணினிக்கு வேகமான பொது வழி எதுவும் கையில் இல்லை. டிஸ்கார்ட் பூஜ்யம், வேலையோ அப்படியே கடினம். எரிபொருள் என்ற வாதத்துக்கு இது நேரான அடி.

இன்னொரு அடி எதிர்த்திசையிலிருந்து வந்தது. அதே ஆண்டில் ஃபெர்ராரோ, அசின் ஆகியோர் அடங்கிய குழு, டிஸ்கார்ட் பூஜ்யமான நிலைகள் மொத்தத்தோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராத அளவுக்கு அபூர்வம் என்று காட்டியது. நிலைகளின் பெருவெளியில் கண்ணை மூடிக் கல் எறிந்தால், அது டிஸ்கார்ட் உள்ள நிலையில்தான் விழும். பின்னல் அப்படி அல்ல. இரைச்சல் கூடினால் பின்னல் இல்லாத நிலைகள் கனமான ஒரு பகுதியாகவே கிடக்கும். அதைவிட மோசம், 2011இல் அலெக்சாண்டர் ஸ்ட்ரெல்ட்சோவும் கூட்டாளிகளும், செல்வி தன் க்யூபிட்டை மட்டும் சும்மா இரைச்சலுக்கு ஆளாக்கினாலே இல்லாத டிஸ்கார்ட் பிறந்துவிடக்கூடும் என்று நிறுவினார்கள். கெடுத்தால் கிடைக்கிற ஒன்றை மூலவளம் என்று எப்படிச் சொல்வது?

இதற்கிடையில் பிரையன் ஈஸ்டின் எழுதிய ஒரு கட்டுரை எனக்குப் பஞ்சாயத்துத் தீர்ப்பு போலப்பட்டது. கணிப்பின் ஒவ்வொரு படியிலும், கடைசிப் படியில் மட்டும் பார்க்காமல், டிஸ்கார்ட் இல்லாமல் ஒரு சுற்று ஓடினால், அதை ஒன்று அல்லது இரண்டு க்யூபிட் கேட்களால் கட்டியிருந்தால், சாதாரணக் கணினி அதை வேகமாகப் பின்தொடர்ந்துவிடும். தாகிச் குழுவின் உதாரணத்துக்கும் இதுவே பதில்: இறுதி நிலையில் பூஜ்யமாக இருக்கலாம், ஆனால் U-வைச் சிறிய கேட்களாகப் பிரித்து ஓட்டும்போது இடையில் டிஸ்கார்ட் தலைகாட்டிவிட்டுப் போயிருக்கக்கூடும். ஆக டிஸ்கார்ட் வேண்டும். ஆனால் எங்கும் மலிந்து கிடப்பதால் அது இருப்பதே எதையும் உறுதி செய்யாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சரிதான், அதற்காக உப்பை மட்டும் தட்டில் வைத்தால் சாப்பாடு ஆகிவிடாது.

தத்தா, ஷாஜி, கேவ்ஸ் எழுதிய 2008 கட்டுரையின் ஒரு வாதம் மீது எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. பின்னல், தன் உச்சத்தோடு ஒப்பிட்டால் கரைகிறது. டிஸ்கார்ட், தன் உச்சத்தோடு ஒப்பிட்டால் நிலைக்கிறது. ஆகவே டிஸ்கார்டே காரணம் என்பது அதன் போக்கு. ஆனால் இங்கே டிஸ்கார்டின் உச்சம், ஒரு பக்கம் ஒரே ஒரு க்யூபிட் இருப்பதால், 1 பிட்தான். அவர்கள் எடுத்த பின்னல் அளவுகோலின் உச்சமோ n-உடன் சேர்ந்து அடுக்குக்குறியாக வளர்கிறது. ஒன்றின் உச்சம் தரையில், இன்னொன்றின் உச்சம் வானத்தில். இரண்டையும் விகிதமாக்கி ஒப்பிட்டால் எது ஜெயிக்கும் என்பது போட்டிக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 0.557 என்ற எண் உண்மை, அழகானதும்கூட. அந்த எண்ணிலிருந்து வேகம் வருகிறது என்பதற்கு மட்டும் அதில் ஆதாரம் இல்லை.

என் எண்ணம் இதுதான். டிஸ்கார்ட், வேகத்தின் காரணமாக இருப்பதைவிட, காரணம் நடமாடிய தடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். U-வின் ஐகன் கோணங்கள் ஒற்றைக் க்யூபிட்டின் மீது பதிவதுதான் வேலை. பதியும் கோணங்கள் செங்குத்தல்லாதவையாக இருப்பதால் டிஸ்கார்ட் உண்டாகிறது. கோணங்களை உண்டாக்கிய கடினமான உழைப்பு U-வின் சுற்றுக்குள், கேட்கள் ஒன்றோடொன்று மாறிமாறிச் செயல்படும் விதத்தில் நடக்கிறது. எந்தக் கணமும் படம் பிடித்து 'இதோ இந்த ஒட்டுறவுதான்' என்று காட்ட முடியாத இடம் அது. 1999 கட்டுரைக்குப் பின் நடந்த விவாதத்தில் லிண்டனும் போபெஸ்குவும் தொட்டதும் இந்தப் புள்ளியைத்தான்: நிலைகள் ஒவ்வொன்றும் பின்னலில்லாமல் சாதுவாக இருக்கலாம், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் நகர்வு சாதுவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நிலைகளைத் தணிக்கை செய்து மூலவளம் தேடும் முழு முயற்சியுமே கொஞ்சம் தவறான அலமாரியைத் துழாவுகிறதோ என்று எனக்குத் தோன்றும். 2014இல் மார்க் ஹவர்ட், ஜோசஃப் எமர்சன் குழுவினர் வேறோர் அலமாரியைத் திறந்தார்கள்: ஓர் அளவீட்டின் விடை, கூடவே வேறு என்ன அளக்கிறோம் என்பதைச் சார்ந்திருக்கும் சூழல்சார் தன்மை. காட்ஸ்மன்-நில் தேற்றத்தின் வேலியைத் தாண்ட அது எப்படி உதவுகிறது என்று காட்டினார்கள். அது தனிக் கதை.

டிக்யூசி1-இன் வேகம் நிஜம்தானா என்ற சந்தேகம் மட்டும் இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தொமொயூக்கி மொரிமே, கெய்சுகே ஃபுஜி, ஜோசஃப் ஃபிட்சைமன்ஸ் மூவரும் 2014இல், அளக்கும் க்யூபிட்களைக் கொஞ்சம் கூட்டிய டிக்யூசி1-ஐச் சாதாரணக் கணினி நெருக்கமாக நகலெடுக்க முடிந்தால், கணக்குகளைக் கடினத்தின்படி மாடி மாடியாக அடுக்கும், கணினியியலின் பல்லுறுப்புப் படிநிலை என்ற பெரிய கட்டடமே மூன்றாம் மாடியில் சரிந்துவிடும் என்று காட்டினார்கள். அந்தக் கட்டடம் சரியும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

தீராமல் நிற்பது ஜோசாவும் லிண்டனும் 2003லேயே விட்டுச்சென்ற கேள்வி. கலப்பு நிலைகளில் ஓடும் ஒரு கணிப்பு, தொடக்கம் முதல் முடிவு வரை எந்தப் படியிலும் எந்தப் பிரிவினையிலும் பின்னல் துளியும் இல்லை, டிஸ்கார்ட் இருக்கிறது. அதைச் சாதாரணக் கணினி எப்போதும் வேகமாகப் பின்தொடர்ந்துவிடுமா? α-வைக் குறைத்து டிக்யூசி1-ஐயே இதற்கு உதாரணமாக்கலாம் என்று தோன்றும். நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். n க்யூபிட்களை இரண்டு சம பாதியாக்கி, இரண்டையும் இடம் மாற்றும் கேட்டை U-வாக வைத்தால், α-வின் மதிப்பு 2-இன் n/2 அடுக்கில் ஒரு பங்குக்குக் கீழே போகும்வரை பின்னல் எங்காவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அவ்வளவு சின்ன α-வில் விடையைப் படிக்க அடுக்குக்குறி எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். வேகம் முழுக்க அங்கேயே செலவாகிவிடும். ஆகவே இந்த வழி அடைபட்டது. ஆனால் எல்லா U-க்களும் இடமாற்றக் கேட் போல முரண்டு பிடிப்பதில்லை. α கணிசமாக இருக்கும்போதே எல்லாப் படிகளிலும் பின்னலற்று ஓடும், அதே சமயம் நகலெடுக்கக் கடினமான ஒரு சுற்றை யாராவது கட்டிவிடுவார்கள் என்ற பக்கம்தான் நான் பந்தயம் கட்டுவேன். டிஸ்கார்ட் மீது இவ்வளவு புகார் சொன்ன பிறகும்.